‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்று சொல்லும் முன்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்தேன். நான்கைந்து பக்கங்கள், கடைசியில் ஒரு தொடர்புப் படிவம். பெயர், மின்னஞ்சல், செய்தி என்று மூன்றே கட்டங்கள். அமைத்த அன்று நானே ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தேன். உடனே அவருடைய இன்பாக்ஸில் வந்து விழுந்தது. சரி, வேலை முடிந்தது என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். மறு ஆண்டு ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது, “சைட் நல்லாத்தான் இருக்குங்க. ஆனா நாலு மாசமா ஒருத்தர்கூட எழுதலை” என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

தோண்டிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. இடையில் அவர் தன் மெயிலை வேறொரு சேவைக்கு மாற்றியிருந்தார். இணையதளம் இருந்த சர்வரில் அந்த மாற்றத்தை யாரும் பதியவில்லை. அந்த டொமைனுக்கு, அதாவது தளத்தின் இணையப் பெயருக்கு, வரும் மெயிலெல்லாம் இன்னமும் தன்னிடமே சேர வேண்டும் என்ற கணக்கில் அது இருந்தது. படிவத்திலிருந்து கிளம்பிய ஒவ்வொரு மெயிலையும் வெளியே அனுப்பாமல் தனக்குள்ளேயே பெட்டியைத் தேடி, ‘இங்கே அப்படி யாரும் இல்லை’ என்று திருப்பிவிட்டது. திரும்பிப் போக வேண்டிய முகவரி, நான் ஒப்புக்குக் கொடுத்திருந்த ஒரு ‘நோ-ரிப்ளை’ முகவரி. அப்படி ஒரு பெட்டியும் கிடையாது. போனதும் தொலைந்தது, திரும்பியதும் தொலைந்தது. சர்வரின் பதிவேட்டில் கடைசிச் சில நாள்களின் வரிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அந்த நாள்களில் 3 பேர் எழுதியிருக்கிறார்கள் என்பது வரை தெரிந்தது. யார் அவர்கள், என்ன எழுதினார்கள் என்பதற்குத் தடமே இல்லை. அந்த 3 பேருக்கும் என் படிவம் ‘நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது’ என்று திரையில் காட்டியிருக்கிறது.

படிவத்தில் எழுதுவதை மெயிலில் பெற எந்த வழி நல்லது என்று யாராவது கேட்டால், இன்றும் எனக்கு அந்த ஒரு வரிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எந்தச் சேவை, என்ன கட்டணம் என்பதெல்லாம் அப்புறம். ‘கிடைத்தது’ என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது

படிவத்துக்கும் மெயிலுக்கும் இயல்பாக ஒரு தொடர்பும் இல்லை. ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியதும் பிரவுசர் கட்டங்களில் உள்ளதைப் பொட்டலமாகக் கட்டி, படிவத்தில் குறித்திருக்கும் ஒரு இணைய முகவரிக்கு அனுப்புகிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. 1995-இல் இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 2.0 பதிப்பு தரமாக வெளிவந்த காலத்திலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான். பொட்டலத்தைப் பிரித்து, மெயிலாக மாற்றி, அனுப்பிவைக்க மறுமுனையில் யாராவது இருக்க வேண்டும். அந்த ‘யாராவது’ யார் என்பதைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

யாருமே வேண்டாம் என்று ஒரு குறுக்குவழி உண்டு. படிவத்தின் முகவரியாக ‘மெயில்டூ’ என்று தொடங்கும் மெயில் முகவரியையே கொடுத்துவிடுவது. அப்போது பார்வையாளரின் கணினியில் உள்ள மெயில் மென்பொருள் திறக்கும். அதில் அவரே மறுபடியும் ‘அனுப்பு’ கொடுக்க வேண்டும். மெயில் மென்பொருள் எதையும் அமைக்காமல் பிரவுசரிலேயே மெயில் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. படிவத்துக்கு இந்த வழி வேண்டாம். அதற்குப் பதில் மெயில் முகவரியைப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதிவைப்பது எவ்வளவோ மேல். படிவம் இருந்தாலும்கூட முகவரியைப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் கருத்து. படிவம் பழுதான நாளில் எழுத வந்தவருக்கு இன்னொரு கதவு திறந்திருக்கும்.

அடுத்தது, இணையதளம் இருக்கும் சர்வரிலேயே ஒரு சிறு நிரலை வைத்து அனுப்புவது. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. மேட் ரைட் என்பவர் 1995-இல் வெளியிட்ட ‘ஃபார்ம்மெயில்’ என்ற, பெர்ல் மொழியில் எழுதிய நிரலை எண்ணற்ற தளங்கள் அப்படியே எடுத்துப் பயன்படுத்தின. அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மெயில் யாருக்குப் போக வேண்டும் என்பதைப் படிவத்திலேயே மறைவான ஒரு கட்டமாக எழுதிவைக்கும் அமைப்பு அது. மறைவு என்பது கண்ணுக்குத்தான். பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் யாருக்கும் தெரியும், மாற்றியும் அனுப்பலாம். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் அந்தக் கட்டத்தில் தாங்கள் விரும்பிய முகவரிகளைப் போட்டு, ஊரார் சர்வர்களிலிருந்து குப்பை மெயிலை வாரி இறைத்தார்கள். பெறுநர் முகவரி சர்வர் பக்கம் மட்டுமே இருக்க வேண்டும் என்ற பாடத்தை எல்லோரும் கற்றுக்கொண்டது இப்படித்தான். இன்றைக்கும் யாராவது எழுதிக் கொடுத்த படிவ நிரலைப் பயன்படுத்துவதானால், முதலில் பார்க்க வேண்டியது இதை.

இதன் தம்பியான இன்னொரு ஓட்டையும் உண்டு. பார்வையாளர் தட்டும் பெயரையோ தலைப்பையோ மெயிலின் தலைப்பகுதியில் அப்படியே ஒட்டினால், அவர் பெயருக்கு நடுவில் ஒரு புதுவரியைச் செருகி, கீழே இன்னும் பத்து முகவரிகளைச் சேர்த்துவிடலாம். தலைப்பகுதிக்குப் போகும் எதிலும் வரி முறிவை நீக்கிவிட்டால் இந்த வழி அடைபடும்.

பிஎச்பி என்ற சர்வர் நிரல்மொழியில் மெயில் அனுப்பும் உள்ளமைந்த செயற்கூறு, அனுப்பியாயிற்றா என்று கேட்டால் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் தரும். அந்த ‘ஆம்’ என்பதற்கு, உள்ளூர் மெயில் மென்பொருள் அதை வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. பிஎச்பியின் கையேடே இதை எச்சரிக்கையாகச் சொல்கிறது. நான் அந்த ‘ஆம்’ என்பதை நம்பித்தான் ‘கிடைத்தது’ என்று எழுதியிருந்தேன்.

யார் பெயரில் அனுப்புவது

இந்த விஷயத்தில் மிக அதிகமாகச் செய்யப்படும் தவறு ஒன்று உண்டு. பார்க்க அது நல்ல யோசனையாகவே தோன்றும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கயல்விழி என்று ஒருவர் யாஹூ முகவரியைக் கொடுத்து உங்கள் படிவத்தில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வரும் மெயிலில் அனுப்புநராகக் கயல்விழியின் முகவரி இருந்தால் வசதிதானே? ‘ரிப்ளை’ அழுத்தினால் நேரே அவருக்குப் போகும். பழைய படிவ நிரல்கள் பலவும் இதைத்தான் செய்தன.

மெயிலை எடுத்துச் செல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982-இல் எழுதியபோது, அனுப்புநர் முகவரியைச் சரிபார்க்க எந்த ஏற்பாடும் அதில் இல்லை. தபாலில் கவரின் பின்பக்கம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதே நிலைமை. ஏமாற்று மெயில்கள் பெருகிய பிறகு மூன்று காவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவது எஸ்பிஎஃப்: ‘என் டொமைனின் பெயரால் மெயில் அனுப்ப இந்தச் சர்வர்களுக்குத்தான் அனுமதி’ என்று டொமைன் உரிமையாளர் டிஎன்எஸ்ஸில் (இணையத்தின் பொது முகவரிப் பதிவேட்டில்) பட்டியல் வெளியிடுகிறார். இரண்டாவது டிகிம்: அனுப்பும் சர்வர் மெயிலின் மேல் ஒரு மறைகுறிக் கையெழுத்து இடுகிறது, அதைச் சரிபார்க்கும் சாவி டிஎன்எஸ்ஸில் இருக்கும். 2012-இல் அறிவிக்கப்பட்ட டிமார்க் மூன்றாவது. வாசகர் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியின் டொமைனும், எஸ்பிஎஃப் அல்லது டிகிம் உறுதிசெய்த டொமைனும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது அது. இல்லாவிட்டால் அந்த மெயிலை என்ன செய்ய வேண்டும் என்பதையும் டொமைன் உரிமையாளரே அறிவித்துவைக்கலாம்.

2014 ஏப்ரலில் யாஹூ தன் டொமைனுக்கு ‘நிராகரித்துவிடுங்கள்’ என்று அறிவித்தது. கயல்விழியின் யாஹூ முகவரியை அனுப்புநராகப் போட்டு, யாஹூவுக்குச் சம்பந்தமே இல்லாத உங்கள் சர்வர் அனுப்பும் மெயில், டிமார்க்கின் கண்ணில் போலி மெயில்தான். பெறும் சேவை அதை வாசலிலேயே தடுத்துவிடும். வேறு டொமைனில் முகவரி வைத்திருப்பவர் எழுதினால் அதே படிவத்தின் மெயில் வந்து சேரவும் கூடும். ‘சில பேர் எழுதினால் வருகிறது, சில பேர் எழுதினால் வருவதில்லை’ என்ற புகாரைக் கேட்டால் நான் முதலில் பார்ப்பது அனுப்புநர் வரியைத்தான்.

சரியான முறை எளிது. அனுப்புநர் எப்போதும் உங்கள் டொமைனில் உள்ள, உண்மையில் இருக்கிற ஒரு முகவரி. கயல்விழியின் முகவரி ‘ரிப்ளை-டூ’ என்ற வரியில். அனுப்புநர் முகவரிக்கு முன்னால் தெரியும் பெயரில் ‘கயல்விழி, தொடர்புப் படிவம்’ என்று போட்டுக்கொள்ளலாம். இன்பாக்ஸில் பார்த்ததும் யார் என்று தெரியும். ரிப்ளை அழுத்தினால் அவருக்கே போகும். டிமார்க்குக்கும் குறை சொல்ல ஒன்றும் இராது. ‘உண்மையில் இருக்கிற’ என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், திரும்பி வரும் மெயில்கள் வந்து சேர ஒரு பெட்டி வேண்டும் என்பதே. திரும்பி வரும் பாதைக்கு மெயிலில் தனி வரி உண்டு. அதிலும் யாராவது திறந்து பார்க்கும் முகவரியே இருக்கட்டும்.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தன் தனிநபர் கணக்குகளுக்கு மெயில் அனுப்பும் எல்லோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கேட்கிறது. நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும், கூடவே டிமார்க்கும் கட்டாயம். தொடர்புப் படிவம் அந்த அளவை எட்டப்போவதில்லை. ஆனால் மூன்றையும் அமைத்துவிடுவது அரை நாள் வேலைதான், செய்துவிடுங்கள்.

யார் கையில் கொடுப்பது

இணையதளச் சர்வர் நேரடியாக மெயில் அனுப்பும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஒரே சர்வரில் நூறு தளங்கள் இருந்து, அவற்றில் ஒன்று ஸ்பேம் அனுப்பினாலும் அந்தச் சர்வரிலிருந்து வரும் எல்லோரின் மெயிலும் சந்தேகத்துக்கு உள்ளாகும். கூகுள் கிளவுட் போன்ற இடங்களில் மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் 25-ஆம் போர்ட் (சர்வரின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று) வெளிப்பக்கமாக அடைக்கப்பட்டே இருக்கிறது. அதனால் நிரல் உங்கள் சர்வரில் இருந்தாலும், கடவுச்சொல்லோடு 587 அல்லது 465-ஆம் போர்ட் வழியாக ஒரு மெயில் சேவையில் நுழைந்து, அதன் வழியே அனுப்புவதே நல்லது.

அந்தச் சேவை உங்கள் சொந்த மெயில் கணக்காகவே இருக்கலாம். ஜிமெயில் என்றால் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, நிரலுக்கென்று தனியாக ஒரு கடவுச்சொல் (ஆப் பாஸ்வேர்ட்) எடுக்க வேண்டும். சின்னத் தளத்துக்கு இது போதும். ஆனால் சர்வரில் எவனாவது நுழைந்தால் அந்தக் கடவுச்சொல் உங்கள் முழு மெயில் பெட்டியையும் திறந்துவிடும் என்பதை நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள். என் விருப்பம், இதற்கென்றே இருக்கும் அமேசான் எஸ்இஎஸ், போஸ்ட்மார்க், மெயில்கன், சென்ட்கிரிட் போன்ற சேவைகள். அனுப்புவதற்கு மட்டும் உரிமை உள்ள சாவி கிடைக்கும். அதைவிட முக்கியமாக, எந்த மெயில் போய்ச் சேர்ந்தது, எது திரும்பியது, ஏன் திரும்பியது என்ற பதிவை அங்கே பார்க்கலாம். அந்தப் பதிவு எனக்கு அன்று இருந்திருந்தால் நான்கு மாதம் கழிந்திருக்காது.

சர்வர் நிரலே இல்லாத தளங்கள் வேறு கதை. வெறும் எச்டிஎம்எல் கோப்புகளாக இருக்கும் தளத்தில் பொட்டலத்தைப் பிரிக்க ஆளில்லை. ஃபார்ம்ஸ்ப்ரீ, நெட்லிஃபை ஃபார்ம்ஸ் போன்றவை அந்த ஆளாக நிற்கின்றன. படிவத்தின் முகவரியை அவர்கள் கொடுக்கும் முகவரிக்கு மாற்றினால் போதும். வாங்கி, வைத்து, மெயிலும் அனுப்புகிறார்கள். ஒரு பிற்பகலில் வேலை முடிந்துவிடும். மாதத்துக்கு இத்தனை என்ற வரம்பு வைத்திருப்பார்கள். வரம்பு தாண்டிய பிறகு வருவதை நிறுத்திவைத்துப் பின்னால் தருவார்களா, வாங்கவே மறுத்துவிடுவார்களா என்று சேருவதற்கு முன்பே படித்துப் பாருங்கள். உங்களுக்கு எழுதுகிறவர்களின் விவரங்கள் இன்னொருவர் சர்வரில் தங்கும் என்பதையும் பக்கத்தில் ஒரு வரியாவது சொல்லிவிட வேண்டும்.

பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே மெயில் சேவையின் ரகசியச் சாவியை எழுதிவைத்து அனுப்பும் யோசனை மட்டும் யாருக்கும் வரக் கூடாது. பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவர் கையிலும் சாவியைக் கொடுத்த மாதிரி அது.

கூகுள் ஃபார்ம்ஸ் போன்ற ஆயத்தப் படிவங்களில் சேமிப்புதான் முதல் வேலை. பதில்கள் ஸ்பிரெட்ஷீட்டில் வரிசையாகச் சேரும், புதிதாக ஒன்று வந்தால் மெயிலும் வரும்படி வைக்கலாம். அந்த மெயிலுக்கு ரிப்ளை கொடுத்தால் எழுதியவருக்குப் போகாது என்பதுதான் குறை. பதிவு வாங்கவும் கருத்துக் கேட்கவும் நன்றாகவே பயன்படும். ஒருவரோடு ஒருவர் எழுதிக்கொள்ள அவ்வளவு வசதியாக இராது.

தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் பரவலாகப் பயன்படும் ‘கான்டாக்ட் ஃபார்ம் 7’ செருகுநிரல், வந்ததை மெயிலாக அனுப்பும். தானாக எங்கும் சேமிக்காது. இதைத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. அதே ஆசிரியர் தரும் ‘ஃபிளமிங்கோ’வைச் சேர்த்தால் ஒவ்வொரு செய்தியும் தரவுத்தளத்திலும் பதிவாகும்.

முதலில் பதிவு, பிறகு மெயில்

மெயில் நெறிமுறை தன் அளவில் பொறுப்பானதுதான். பெறும் சர்வர் தற்காலிகமாக மறுத்தால் அனுப்பும் சர்வர் திரும்பத் திரும்ப முயல வேண்டும், கைவிடுவதற்கு முன் 4, 5 நாளாவது பார்க்க வேண்டும் என்கிறது அதன் விதி. ஆனால் நல்ல நிலையில் போய்ச் சேர்ந்த மெயிலும் ஸ்பேம் கூடையில் விழலாம், வடிகட்டி விதி ஒன்று வேறு கோப்புறைக்குத் தள்ளலாம், பெட்டி நிரம்பியிருக்கலாம், அவசரத்தில் கை தவறி அழிக்கலாம். இதில் எதையும் படிவத்தால் தெரிந்துகொள்ள முடியாது.

ஆகவே நான் இப்போது செய்வது இது. செய்தி வந்ததும் முதலில் தரவுத்தளத்தில் ஒரு வரியாகப் பதிவாகும். பதிவானதும் திரையில் ‘கிடைத்தது’ என்று வரும். மெயில் அதற்குப் பின்னால் தனியாகக் கிளம்பும்; கிளம்பவில்லை என்றால் அந்த வரியில் குறி விழும், சில நிமிடம் கழித்து மறுமுயற்சி நடக்கும். தரவுத்தளத்தில் பதியவே முடியாமல் போனால் பார்வையாளரிடம் அதைச் சொல்லி, அவர் தட்டியதைக் கட்டத்திலேயே அழியாமல் வைத்து, மெயில் முகவரியைக் காட்டுகிறேன். பத்து நிமிடம் யோசித்து எழுதிய செய்தியைப் பிழை அறிவிப்போடு சேர்த்து அழித்துவிடும் படிவங்களைப் பார்த்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

பெரிய தரவுத்தளம் எல்லாம் வேண்டியதில்லை. வாரத்துக்கு நான்கு செய்தி வரும் தளத்துக்கு, பொதுவெளியில் திறக்காத கோப்புறை ஒன்றில் ஒரு சாதாரணக் கோப்பே போதும். சேமிக்கத் தொடங்கினால் பொறுப்பும் கூடவே வரும் என்பதையும் சொல்ல வேண்டும். தேவையில்லாத விவரத்தைக் கேட்காதீர்கள். பதில் எழுதி முடித்த செய்திகளை எத்தனை மாதம் வைத்திருப்பது என்று முன்பே முடிவுசெய்து, அதற்குப் பின் அழித்துவிடுங்கள். கடவுச்சொல், அட்டை எண் போன்றவற்றை மெயிலில் போகும் படிவத்தில் ஒருபோதும் கேட்கக் கூடாது. கோப்பு இணைக்க விட்டால், மெயிலில் அது மூன்றில் ஒரு பங்கு பருத்துத்தான் பயணம் செய்யும். கோப்பைச் சேமித்துவிட்டு, அது வந்திருப்பதை மெயிலில் தெரிவிப்பதே நல்லது.

வரக் கூடாதவை

திறந்த படிவத்தை ஸ்பேம் இயந்திரங்கள் சில நாளில் கண்டுபிடித்துவிடும். உடனே, எழுதுகிறவர் மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொல்லும் கேப்ட்சாவை மாட்ட வேண்டும் என்று பலருக்கும் தோன்றும். நான் அதைக் கடைசியாகவே வைப்பேன், கண் தெரியாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது பெரிய தடை என்பதால். முதலில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறிக் கட்டம். அதை நிரப்பி வருகிறவை இயந்திரங்கள். பக்கம் திறந்த இரண்டாவது நொடியிலேயே வந்து சேரும் படிவமும் மனிதர் தட்டியதாக இருக்காது. சின்னத் தளங்களுக்குப் பெரும்பாலும் இவ்வளவே போதும். போதாவிட்டால் கிளவுட்ஃப்ளேர் 2022-இல் கொண்டுவந்த ‘டர்ன்ஸ்டைல்’ மாதிரி, படப் புதிர் போடாமல் சரிபார்ப்பவை இருக்கின்றன. சந்தேகப்படுவதை அழிக்காமல் தனியாக வையுங்கள். உண்மையான கடிதம் ஒன்று அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

எழுதியவருக்கும் ஒரு நகல் தானாகப் போகும்படி வைப்பதில் எச்சரிக்கை தேவை. எவரோ ஒருவர் அடுத்தவரின் முகவரியைப் போட்டு, செய்திக் கட்டத்தில் விளம்பரத்தை ஒட்டி அனுப்பினால், அந்த விளம்பரத்தை உங்கள் டொமைனின் பெயரால் நீங்களே கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். நகல் வேண்டுமென்றால் அவர் தட்டிய வாசகத்தை விட்டுவிட்டு, ‘உங்கள் செய்தி பதிவாகிவிட்டது’ என்று மட்டும் அனுப்புங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். மெயிலின் தலைப்பு வரி அடிப்படையில் ஆங்கில எழுத்துக்களுக்காக உருவானது. தமிழ்ப் பெயரைத் தலைப்பில் வைக்க அதைத் தனியாகக் குறியாக்கம் செய்ய வேண்டும். நிரல் அதைச் செய்யாவிட்டால் ‘கயல்விழி’ என்ற பெயர் இன்பாக்ஸில் கேள்விக்குறிகளாகவோ, புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துக்களாகவோ வந்து நிற்கும். எழுத்துக்களைக் கணினியில் எண்களாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்தாக யாரோ படித்துவிட்டதன் விளைவு அது. சோதனை மெயிலில் ‘டெஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. சோதிக்கும்போது முழுக்கத் தமிழில், மெய்யும் உயிர்மெய்யும் கலந்த நீளமான பெயராகப் போட்டுப் பாருங்கள்.

அந்த மொழிபெயர்ப்பாளரின் தளத்தை அப்போதே இந்த முறைக்கு மாற்றிவிட்டேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று படிவத்தில் நானே ஒரு செய்தி எழுதி அனுப்புகிறேன். அவர் அதற்கு மெயிலில் ‘வந்துடுச்சு’ என்று ஒரே சொல்லில் பதில் போடுவார். ஒரு மாதம் மாலை வரை அந்தப் பதில் வரவில்லை. பதிவேட்டைத் திறந்து பார்த்தேன், செய்தி பத்திரமாக இருந்தது. மெயில் அவருடைய ஸ்பேம் கூடையில் கிடந்தது. அதோடு கூடவே முந்தின நாள் வந்த இன்னொன்றும் இருந்தது. ஒரு சிறுகதைத் தொகுப்பை மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்டு ஒருவர் எழுதியிருந்தார். அன்று இரவே இவர் பதில் எழுதிவிட்டார்.